கணிதத் துறவி ராசீன் அடிகள்

ஆசிரியர் ஒருவரின் பெருமையை அளப்பதற்கு உலகம் சில கோல்களைக் கைக்கொண்டிருக்கிறது. அவர் எத்தனை நூல்களை இயற்றினார், எத்தனை புதிய உண்மைகளைக் கண்டறிந்தார், அவருடைய மாணாக்கருள் எத்தனை பேர் முதல் வகுப்பிலே தேறினர் என்று கேட்பது வழக்கம். இக்கோல்களுள் எதனைக் கொண்டு அளந்தாலும் சிறியவராகவே தோன்றக்கூடிய ஒருவர், தென்னிந்தியக் கணிதக் கல்வியின் போக்கையே திருப்பிவிட்ட வரலாறு ஒன்று உண்டு. அவரே இயேசு சபைத் துறவியாகிய வணபிதா ஷார்ல் ராசீன் அடிகள். பிரெஞ்சு இலக்கியம் பயின்றோர் ராசீன் என்றவுடன் பதினேழாம் நூற்றாண்டு நாடகாசிரியரை நினைத்துக்கொள்வர். நான் சொல்லப்புகுந்தது அவரையன்று. 1897ஆம் ஆண்டு பிறந்து, 1976ஆம் ஆண்டு மறைந்த கணித ஆசிரியரையே.

கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் பெரியகல்லாற்றிலிருந்து இத்துறவியைப் பற்றி எழுதவேண்டிய தேவை யாது என்று வாசகர் வினவலாம். எங்கள் ஊரிலிருந்தும் அயலூர்களிலிருந்தும் வந்தாறுமூலைக்கும் பேராதனைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் கணிதம் பயிலச் செல்லும் பிள்ளைகள், கணித ஆசிரியனாகிய என்னிடம் விடுமுறை நாட்களிலே வந்து ஒரு முறைப்பாட்டைச் சொல்வதுண்டு. பல்கலைக்கழகத்திலே கருத்துநிலை அட்சரகணிதம் என்றொரு பாடம். அதிலே இலக்கங்களைக் காணோம், படங்களைக் காணோம். கூட்டம், வளையம், புலம் என்று பெயர்கள் மட்டும் வருகின்றன. ஒரு வரைவிலக்கணத்தின் மேல் மற்றொரு வரைவிலக்கணமாக அடுக்கிச் செல்கின்றனர். இதனைப் பரீட்சைக்காக மனனஞ்செய்வதைத் தவிர வேறு வழியில்லையா என்பதே அம்முறைப்பாடு. வரைவிலக்கணங்களை விளக்கத் தொடங்குமுன் ராசீன் அடிகளின் வரலாற்றை அவர்களுக்குச் சொல்வதை நான் வழக்கமாகக் கொண்டிருக்கிறேன். அவ்வரலாற்றுக்குள் அவர்களுடைய கேள்விக்கான விடையும் அடங்கியிருக்கிறது.

முதலில் அப்பாடம் எத்தகையது என்பதைச் சுருக்கமாகக் காண்போம். இருபுறமும் ஒரே வகையான பின்னல் அமைந்த சதுரப் பாய் ஒன்றைத் தரையில் விரித்திருப்பதாகக் கொள்வோம். அதனைக் கால்வட்டமாகத் திருப்பினாலும், அரைவட்டமாகத் திருப்பினாலும், புரட்டிப் போட்டாலும், அது முன்பிருந்த இடத்திலேயே அமைந்துகொள்ளும். இவ்வாறு அமையத்தக்க அசைவுகள், அசையாதிருத்தலையும் சேர்த்து, எட்டே எட்டு. இவ்வெட்டனுள் எவையேனும் இரண்டை அடுத்தடுத்துச் செய்தால் வரும் பயன் அவ்வெட்டனுள் ஒன்றாகவே இருக்கும். ஒவ்வோர் அசைவையும் நீக்கவல்ல மறுதலை அசைவும் அவற்றுள்ளேயே உண்டு. ஆனால் திருப்பிப் பின் புரட்டுவதும், புரட்டிப் பின் திருப்புவதும் எப்பொழுதும் ஒன்றாவதில்லை. இலக்கம் ஒன்றுமின்றியே இங்கே ஒரு கணக்கு நடைபெறுகிறது. இத்தகைய அமைப்பையே கூட்டம் என்பர்.

இவ்வாறே முழுவெண்களையும் பல்லுறுப்பிகளையும் ஒப்புநோக்கலாம். இரண்டினும் கூட்டலும் பெருக்கலும் உண்டு; மீதியோடு வகுத்தல் உண்டு; மேலும் பிரிக்கவியலாத காரணிகளாகப் பிரித்தலும் உண்டு. ஒன்றுக்குச் சொன்ன நிறுவலை அப்படியே மற்றொன்றுக்கும் சொல்லலாம். அவ்வாறாயின் இருமுறை நிறுவுவானேன்? இரண்டுக்கும் பொதுவாகிய அமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரே முறையில் நிறுவிவிடலாமன்றோ? இவ்வெண்ணத்திலிருந்தே வளையம் என்னும் கருத்துப் பிறந்தது. பொருள்களை விடுத்து, அவற்றினிடையே நிலவும் தொடர்புகளின் ஒழுங்கை ஆராய்வதே இவ்வியலின் உயிர்நிலை.

இக்கருத்துக்கள் வெறும் விளையாட்டாகப் பிறந்தவையல்ல. பிரான்சிலே கலுவா என்னும் இளைஞன், ஐந்தாம் படிச் சமன்பாடுகளைப் பொதுச்சூத்திரத்தால் ஏன் தீர்க்கவியலாது என்னும் வினாவுக்கு விடை காணும் முயற்சியிலேதான் கூட்டத்தின் ஆற்றலைக் கண்டான். 1832ஆம் ஆண்டு, தன் இருபதாவது வயதில், அவன் மாண்டான். ஜெர்மனியிலே குமர் என்பார், பெர்மாவின் புகழ்பெற்ற வினாவோடு தொடர்புடைய எண்களை ஆராய்ந்தபோது, காரணிப் பிரிப்பு ஒருவழிப்பட்டதாக அமையாமை கண்டு, அக்குறையை நீக்கும் பொருட்டுப் புதிய கற்பனை எண்களை அமைத்தார். 1871இல் டெடெகிண்ட் அவற்றுக்குத் திட்டமான வடிவம் கொடுத்தார். 1921இல் எம்மி நோதர் என்னும் பெண்மணி, அவையனைத்தையும் ஒரே நிபந்தனையின் கீழ்க் கொணர்ந்து வளையங்களின் கொள்கையை நிலைநாட்டினார். அவ்வம்மையாரும் ஆர்ட்டினும் ஆற்றிய விரிவுரைகளை அடிப்படையாகக் கொண்டு வான் டெர் வார்டன் 1930, 1931ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட இரு பகுதி நூலே இன்றைய பல்கலைக்கழகப் பாடத்தின் தாய் நூல். நூறாண்டுக் காலம் மனிதர் தீர்க்கவியலாது தவித்த வினாக்களின் விளைவே இப்பாடம் என்பதை மாணவர் முதலில் உணர்தல் வேண்டும்.

ராசீன் அடிகள் பாரிசிலே கணிதம் பயின்ற காலத்தில் இப்புதுமை பிரான்சுக்கும் புதியதாகவே இருந்தது. முதல் உலகப் போரிலே அந்நாட்டின் இளங்கணிதர் பலர் மடிந்துபோயினர். அதனால் போருக்குப் பின் கற்க வந்த தலைமுறைக்கும் முதிய பேராசிரியர்களுக்கும் இடையே இருந்திருக்கவேண்டிய ஒரு தலைமுறை வெறுமையாயிற்று. அக்குறையை உணர்ந்த ஆந்திரே வெய், ஆன்றி கார்த்தான் முதலிய இளைஞர் ஒன்றுகூடி, பூர்பாக்கி என்னும் புனைபெயரால் கணிதம் முழுவதையும் புதிய அடித்தளத்தின்மேல் எழுதத் தொடங்கினர். ஆன்றியின் தந்தையார் எலி கார்த்தான், கூட்டங்களைப் பற்றிய ஆய்விலே உலகப் புகழ் பெற்றவர். அப்பெரியாரின் வழிகாட்டலிலேயே ராசீன் அடிகள் சார்புக் கொள்கையிலே பல பொருள்களின் இயக்கம் பற்றி ஆராய்ந்து 1934இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவர் எழுதிய ஆய்வு அட்சரகணிதம் பற்றியதன்று. ஆயினும் புதிய கணிதம் எங்கே உருவாகின்றது, அதனை உருவாக்குவோர் யாவர், அவர்களுடைய நோக்கம் யாது என்பனவற்றை அருகிருந்து அறியும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது.

அத்தகைய ஒருவர் பாரிசிலேயே தங்கியிருந்தால் அவருடைய வாழ்க்கை வேறாக அமைந்திருக்கும். ஆனால் துறவி சபையின் பணிக்கு உரியவர். 1937ஆம் ஆண்டு அவர் இந்தியாவுக்கு வந்து, திருச்சிராப்பள்ளி புனித சூசையப்பர் கல்லூரியில் கற்பிக்கத் தொடங்கினார். 1939இல் சென்னை லயோலாக் கல்லூரிக்கு மாறினார். இயேசு சபையாரின் கல்விப்பணியை மட்டக்களப்பு மக்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. விபுலாநந்த அடிகள் இளமையிலே பயின்ற புனித மிக்கேல் கல்லூரி அச்சபையாரின் பராமரிப்பிலே வளர்ந்ததன்றோ? பிறநாட்டிலிருந்து வந்து, இம்மண்ணின் பிள்ளைகளுக்குக் கணிதமும் விஞ்ஞானமும் கற்பித்த துறவியர் பலரை இவ்வாவிக்கரையும் கண்டிருக்கிறது. ராசீன் அடிகளும் அம்மரபினரே.

அவர் வந்த காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கணிதக் கல்வி தாழ்ந்திருந்தது என்று எவரும் நினைத்தல் கூடாது. இராமானுஜன் பிறந்த நாடு அது. கேம்பிரிட்ஜிலே ஹார்டியிடம் பயின்ற ஆனந்தராவ், மாநிலக் கல்லூரியிலே பகுப்பாய்வுத் துறையில் உயர்ந்த மாணவர் பரம்பரையொன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார். பல்கலைக்கழகத்திலே வைத்தியநாதசுவாமி புதிய கருத்துக்களில் ஈடுபாடு கொண்டு, 1947இல் இடத்தியல் பற்றிச் சிறந்த நூலொன்றையும் வெளியிட்டார். எனினும் ஆனர்ஸ் வகுப்பின் பாடத்திட்டம் கேம்பிரிட்ஜின் பழைய முறையைப் பின்பற்றி நின்றது. கடினமான கணக்குகளை விரைந்து தீர்க்கும் திறனே அங்கே அளக்கப்பட்டது. கூட்டமும் வளையமும் அப்பாடத்திட்டத்தில் இடம்பெறவில்லை. பரீட்சையில் வராத ஒன்றைக் கற்கத் துணியும் மாணவன் தன் வகுப்பை இழக்கும் அபாயத்தைத் தலைமேற் கொள்ளவேண்டியிருந்தது. அன்று ஒருவனுடைய உத்தியோகமும் குடும்பத்தின் எதிர்காலமும் அவ்வகுப்பையே சார்ந்திருந்தன என்பதை நாம் மறத்தலாகாது.

இந்நிலையைத் திருத்த ஏற்கெனவே ஒருவர் முயன்று பார்த்தார். மேலே குறிப்பிட்ட ஆந்திரே வெய், 1930ஆம் ஆண்டு, இருபத்துமூன்று வயதிலேயே, அலிகார் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியராக வந்தார். துறை முழுவதையும் உடனே மாற்றியமைக்க விரும்பினார். இரண்டே ஆண்டுகளில், 1932இல், அவர் பதவியிழந்து திரும்பவேண்டியதாயிற்று. கணித அறிவிலே வெய்யோடு ராசீன் அடிகளை ஒருவரும் ஒப்பிடமாட்டார். இருபதாம் நூற்றாண்டின் மாபெருங் கணிதருள் வெய் ஒருவர். ஆயினும் மேதையால் இரண்டாண்டிலே முடியாத காரியத்தைத் துறவி பல்லாண்டு தங்கியிருந்து முடித்தார். பாடத்திட்டத்தோடு போர் தொடுக்க அவருக்கு அதிகாரமும் இல்லை. அவர் அதனை வேண்டவும் இல்லை. பாடத்திட்டம் தன் வழியே செல்ல, அதற்கு வெளியே ஒரு பாதையை அவர் மெல்ல மெல்ல வெட்டினார்.

அவருடைய விரிவுரைகள் தெளிவுக்குப் பேர்பெற்றவையல்ல என்பதை அவரிடம் அன்புகொண்டோரும் ஒப்புக்கொள்வர். வகுப்பிலே கேட்ட சொற்களைக் குறித்துக்கொண்டு பரீட்சை எழுத எண்ணிய மாணவனுக்கு அவர் பெரிதும் பயன்பட்டிருக்கமாட்டார். அவருடைய கல்வி வேறு வழியிலே சென்றது. ஆர்வமுள்ள மாணாக்கரோடு வகுப்புக்கு வெளியே உரையாடுவார். பிரான்சிலிருந்து வெளிவந்த புதிய நூல்களைப் பற்றி எடுத்துரைப்பார். கணிதம் பழைய கணக்குகளின் களஞ்சியம் அன்று, இன்றும் வளர்ந்துகொண்டிருக்கும் உயிருள்ள கலை என்னும் உணர்வை இவ்வாறு அவர்கள் உள்ளத்திலே ஊன்றினார். எல்லாவற்றையும் தாமே கற்பிக்கவியலாது என்பதை அறிந்து, கற்பிக்கவல்லார் இருக்கும் இடத்தைச் சுட்டிக்காட்டுவதைத் தம் கடமையாகக் கொண்டார்.

அந்த இடம் பம்பாயிலே உருவாகிக்கொண்டிருந்தது. 1945இல் ஹோமி பாபா நிறுவிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், ஆனந்தராவின் மாணவராகிய கே. சந்திரசேகரன் 1949 முதல் கணிதப் பிரிவைக் கட்டியெழுப்பத் தொடங்கினார். உலகின் சிறந்த கணிதரை அழைத்து, இளம் ஆராய்ச்சியாளருக்கு நேரிலே விரிவுரை நிகழ்த்தச் செய்தார். தகுந்த இளைஞரைக் கண்டு அங்கே அனுப்பும் பணி ராசீன் அடிகளைச் சேர்ந்தது. இருவருள் ஒருவர் இல்லாவிடினும் மற்றவர் முயற்சி முழுமை பெற்றிராது என்பதே என் துணிபு.

லயோலாவிலே 1953ஆம் ஆண்டு ஆனர்ஸ் பட்டம் பெற்ற இரு நண்பர்கள் அடிகளின் அறிவுரைப்படி அவ்வாண்டே பம்பாய் சென்றனர். ஒருவர் வட ஆர்க்காட்டுத் தண்டரையிலே பிறந்த எம். எஸ். நரசிம்மன், மற்றவர் காஞ்சிபுரத்திலே பிறந்த சி. எஸ். சேஷாத்திரி. 1957இல் இருவரும் பாரிசுக்கும் சென்று பயின்றனர். ஆசிரியர் விட்டு வந்த நகரத்துக்கு மாணாக்கர் போய்ச் சேர்ந்தது ஓர் அழகிய பொருத்தம். அவ்விருவரும் கூடி 1965இல் வெளியிட்ட தேற்றம், கேத்திரகணிதத்தின் ஒரு பகுதியையும் கூட்டங்களின் கொள்கையையும் எதிர்பாராத வகையிலே பிணைத்து, இன்றும் உலகெங்கும் அவர்கள் பெயரால் வழங்குகிறது. இருவரும் இலண்டன் றோயல் சங்கத்தின் உறுப்பினராயினர். சேஷாத்திரி 1989இல் சென்னையிலே தொடங்கிய கணிதப் பள்ளி, இன்று சென்னைக் கணித நிறுவனமாக வளர்ந்து நிற்கிறது. அவர் 2020இலும் நரசிம்மன் 2021இலும் மறைந்தனர்.

சேஷாத்திரியின் இளமைக்காலச் சாதனை ஒன்றை இங்கே தனியாகக் குறிப்பிடுதல் தகும். காவி வெளி ஒவ்வொன்றுக்கும் ஓர் அடிப்படைத் தொடை உண்டு என்பதை முதலாண்டு மாணவனும் அறிவான். புலத்துக்குப் பதிலாக வளையம் ஒன்றை வைத்துக்கொண்டால் அவ்வுறுதி குலைந்துவிடுகிறது. பல மாறிகளையுடைய பல்லுறுப்பிகளின் வளையத்திலே, நேரிய வெளியொன்றின் பகுதியாக நன்கு பிரிந்து அமையும் தொகுதிகளுக்கேனும் அவ்வுறுதி நிலைக்குமா என்னும் வினாவை 1955இல் பிரெஞ்சுக் கணிதர் செர் எழுப்பினார். இரண்டு மாறிகளுக்கு அது நிலைக்கும் என்பதை 1958இல் நிறுவியவர் சேஷாத்திரி. எத்தனை மாறிகள் இருப்பினும் நிலைக்கும் என்று குயிலன், சுஸ்லின் என்னும் இருவர் தனித்தனியே நிறுவியது 1976இல். அதுவே ராசீன் அடிகள் மறைந்த ஆண்டும் ஆகும். வறண்ட வரைவிலக்கணம் என்று மாணவர் சலிக்கும் அவ்விடத்திலேயே, சென்னை மாணவர் ஒருவர் உலகம் காத்திருந்த விடையின் ஒரு பகுதியைக் கண்டெடுத்தார்.

அடிகளின் நோக்கு இளைஞரோடு நின்றுவிடவில்லை. லயோலாவிலே 1934இல் பட்டம் பெற்று, ஆனந்தராவின் வழியிலே தொடர்களின் கூட்டுத்தொகை பற்றி ஆராய்ந்துவந்த மீனாட்சிசுந்தரம், வகையீட்டுச் சமன்பாடுகளின் பால் திரும்பியதற்கு அடிகளின் தொடர்பும் ஒரு காரணம். 1949இல் சுவீடன் நாட்டவராகிய பிளேயலோடு சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வு அவருக்கு அழியாப் புகழை ஈட்டித்தந்தது.

மற்றொரு மாணவரின் கதை துயரமானது. சென்னையிலே 1938இல் பிறந்த சி. பி. இராமானுஜம், லயோலாவிலே பயின்று 1957இல் ஆனர்ஸ் பட்டம் பெற்றபோது, அவருக்குக் கிடைத்தது இரண்டாம் வகுப்பே. பரீட்சையின் கோல் அவரை அவ்வாறு அளந்தது. ராசீன் அடிகளோ அவருடைய சிந்தனையின் புதுமையையும் அறியும் வேட்கையையும் கண்டு, அவரையும் பம்பாய்க்கு அனுப்பினார். சில ஆண்டுகளிலேயே எண்கொள்கையிலும் அட்சரகணிதக் கேத்திரகணிதத்திலும் முதல்தரக் கணிதர் என உலகம் அவரை ஏற்றுக்கொண்டது. ஆனால் தீரா நோய் அவரை வருத்தியது. 1974ஆம் ஆண்டு, 36ஆவது வயதிலேயே அவர் வாழ்வு முடிந்தது. தாம் இனங்கண்ட மாணவரின் மறைவைக் காணும் துயரமும் முதுமையிலே அடிகளை வந்தடைந்தது.

பாரிசிலே தொடங்கிய ஆராய்ச்சியை ராசீன் அடிகள் இந்தியாவிலே பெரிதாக வளர்த்தார் என்று சொல்வதற்கில்லை. அவர் பெயரால் வழங்கும் பெருந்தேற்றம் எதுவும் இல்லை. இது ஓர் இழப்பே என்று சிலர் கருதலாம். ஆராய்ச்சியின் முன்னணியிலிருந்து ஒதுங்கி, ஒருவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பட்டதாரி வகுப்புகளிலே கழிப்பதற்கு ஒரு விலை உண்டு. அவ்விலையை அவர் கொடுத்தார். அவர் பெற்ற பயனோ பிறருடைய பெயர்களிலே எழுதப்பட்டிருக்கிறது.

இன்று நிலைமை தலைகீழாகிவிட்டது. அக்காலத்திலே பாடத்திட்டத்துக்கு வெளியே நின்ற கூட்டமும் வளையமும் இன்று பாடத்திட்டத்தின் நடுவிலே அமர்ந்திருக்கின்றன. கணினி வழியே செல்லும் இரகசியச் செய்திகளைக் காப்பதற்கும், செய்தியிலே நேரும் பிழைகளைத் திருத்துவதற்கும் அவை பயன்படுகின்றன. ஆனால் பாடத்திட்டத்துக்குள் புகுந்தவுடன் அவையும் பழைய கணக்குகள் அடைந்த கதியையே அடையக்கூடும். கலுவாவையும் குமரையும் வருத்திய வினாக்களை மறைத்துவிட்டு, விடைகளை மட்டும் வரைவிலக்கணங்களாக அடுக்கிக் கொடுத்தால், புதிய கணிதமும் மனனப் பாடமாகிவிடும். அடிகளின் காலத்து மாணவனுக்கு நூல் கிடைப்பது அரிதாயிருந்தது. இக்காலத்து மாணவனுக்கு நூல்கள் மிகுதி. அவற்றுள் எதனை ஏன் படிக்கவேண்டும் என்று சொல்லுவார்தாம் அரியர்.

ஆகவே எங்கள் பகுதிப் பாடசாலைகளிலும் பல்கலைக்கழகத்திலும் கணிதம் கற்பிக்கும் நண்பர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுவே. ஆசிரியர் எல்லாம் அறிந்தவராயிருத்தல் வேண்டும் என்பதில்லை. வகுப்பிலே முன்வரிசையில் இருந்து புள்ளிகளைக் குவிக்கும் பிள்ளையை எவரும் கண்டுகொள்வர். பாடத்திலே இல்லாத கேள்வியைக் கேட்டுவிட்டு, அதனால் ஒரு வகுப்பை இழக்கவும் கூடிய பிள்ளையைக் கண்டுகொள்வதற்கு ஆசிரியருடைய தனிக்கண் வேண்டும். கண்டபின், தம்மினும் வல்லாரிடம் அப்பிள்ளையை மனமுவந்து அனுப்பிவைக்கும் பெருந்தன்மையும் வேண்டும். மாணவர்க்குச் சொல்வதும் உண்டு: ஒரு வரைவிலக்கணம் விளங்காதபோது, அது எந்த வினாவுக்கு விடையாகப் பிறந்தது என்று உங்கள் விரிவுரையாளரைக் கேளுங்கள். அக்கேள்வி பரீட்சையிலே வராது. ஆயினும் லயோலாவின் இளைஞர் சிலர் அதனைக் கேட்டதனாலேயே, தமிழ்நாட்டின் சிற்றூர்களிலே பிறந்தவர் பெயர்கள் இன்று உலகக் கணித நூல்களிலே இடம்பெற்றிருக்கின்றன.